வெளிச்சம் ஊடுருவும் முட்டையெல்லாம் கருவுறாத முட்டை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இன்குபேட்டரில் கோழிக்குஞ்சு பொரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விசிறி பொருத்திய பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், முதல் 18 நாள்களுக்கு ஏறத்தாழ 50 முதல் 55 சதவீத ஈரப்பதம், நாள்தோறும் முட்டைகளைத் திருப்பி வைத்தல், 21ஆம் நாள் பொரிப்பு என்று அடிப்படைச் செய்திகளைக் கட்டுரையாளர் பிழையின்றித் தந்திருக்கிறார். ஆனால், ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத முட்டைகளைக் கருவுறாதவை என்று ஒதுக்கிவிட வேண்டும், அவை மிகுதியாக இருந்தால் சேவலை மாற்றிவிட வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. வீட்டில் குஞ்சு பொரிப்பவர்கள் பலரும் இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். நல்ல சேவல்கள் காரணமின்றிக் கழிக்கப்படுவதும், உண்மையான குறை திருத்தப்படாமல் அடுத்த முறை வைத்த முட்டைகளும் கெடுவதும் இதனால்தான்.

இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால், கரு வளர்ந்துவரும் முட்டையில் ஏழாம் நாள் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்களைப் போல நாற்புறமும் பரவும் செந்நிற இரத்த நாளங்களும் தெரியும். முட்டையை மெல்லத் திருப்பும்போது அந்தப் புள்ளி மிதந்து அசைவதையும் காணலாம். நாளங்கள் உருவான பிறகு கரு இறந்திருந்தால், அவை கலைந்து, ஒரு சிவந்த வளையம் மட்டும் எஞ்சி நிற்கும். இவ்விரண்டிலும் குழப்பத்துக்கு இடமில்லை. உள்ளே வெளிச்சம் சீராகப் பரவி, மஞ்சள் கருவின் நிழல் மட்டும் மங்கலாகத் தெரியும் முட்டையில்தான் தவறு நேர்கிறது. அது கருவுறாத முட்டையாக இருக்கலாம். அல்லது கருவுற்று, அடைவைத்த முதல் ஓரிரு நாள்களில், இரத்தம் உருவாகும் முன்பே கரு மடிந்த முட்டையாகவும் இருக்கலாம். எவ்வளவு பிரகாசமான டார்ச்சாக இருந்தாலும் இவ்விரண்டையும் அது பிரித்துக் காட்டாது. அடர்பழுப்பு ஓடுள்ள முட்டைகளிலோ, உயிருள்ள கருவே ஏழாம் நாளில் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. அவற்றை மேலும் மூன்று நான்கு நாள்கள் பொறுத்துப் பார்ப்பதே முறை.

ஆகவே, ஒதுக்கிய முட்டைகளை அப்படியே குப்பையில் போடாமல், ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. மஞ்சள் கருவின் மேற்புறத்தில், ஓரம் ஒழுங்கற்ற, சிறிய, அடர்த்தியான வெண்புள்ளி ஒன்று மட்டும் இருந்தால் அது கருவுறாதது. புதிதாக இட்ட முட்டையிலேயே, கருவுற்றிருந்தால் அந்த இடத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலத்தில், நடுப்பகுதி தெளிந்தும் சுற்றிலும் வெண்மையாகவும் ஒரு வட்டம் தெரியும். ஏனெனில், முட்டை வெளிவருவதற்கு முன்பே தாயின் உடலுக்குள் கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்துவிட்டிருக்கும். அடைவைத்த பின் ஓரிரு நாள் வளர்ந்து இறந்த கருவாக இருந்தால், அந்த வட்டம் மேலும் அகன்று, பாலேடு நிறத்தில் மஞ்சள் கருவின் மேல் படர்ந்திருக்கும். முதலில் சமையலுக்கான சில முட்டைகளை உடைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால், இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வது கடினமல்ல.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், இவ்விரண்டுக்கும் தீர்வுகள் முற்றிலும் வேறு என்பதுதான். உண்மையிலேயே கருவுறவில்லை என்றால், சேவலின் வயது, உடற்பருமன், காலில் உள்ள புண், ஒரு சேவலுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பெட்டைகள் இருத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே கரு இறந்திருந்தால் சேவல் மீது குற்றமில்லை. முட்டைகளை ஒரு வாரத்துக்கு மேல் சேமித்து வைத்தது, வெப்பமான அறையில் வைத்ததால் கரு சிறிது வளர்ந்து பிறகு நின்றுபோனது, பயணத்தில் முட்டைகள் குலுங்கியது, இன்குபேட்டரின் வெப்பமானி தவறாகக் காட்டியது என்று காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும். வெப்பமானியைச் சோதிப்பது எளிது. பொடித்த பனிக்கட்டி கலந்த நீரில் அது பூச்சியம் காட்ட வேண்டும். விசிறியில்லாத பெட்டிகளில் மேலும் கீழும் வெப்பம் வேறுபடுவதால், முட்டையின் மேற்புற மட்டத்தில்தான் அளக்க வேண்டும்.

சேவலை மாற்றுவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்த சேவலின் விந்து பெட்டையின் உடலில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள்வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், உயிர்ப்புடன் இருக்கும். எனவே, பழைய சேவலை விலக்கி மூன்று வாரங்கள் கழியும் முன் எடுத்த முட்டைகளைக் கொண்டு புதிய சேவலை மதிப்பிடுவது நியாயமாகாது. நீரில் மிதக்கிறதா என்று பார்த்துக் கருவுற்றதைக் கண்டறியலாம் என்ற தவறான நம்பிக்கையும் பரவலாக உள்ளது. மிதப்பது காற்றறையின் அளவை, அதாவது முட்டை எவ்வளவு பழையது என்பதைத்தான் காட்டும். அடைக்கு வைக்கும் முட்டையை நீரில் இட்டால், ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் கெடுவதோடு, நுண்துளைகள் வழியே கிருமிகள் உள்ளே புகவும் வழியுண்டு.

கட்டுரையாளர் இந்தத் தொடரைத் தொடர்ந்து எழுதவிருப்பதாக அறிகிறேன். அடுத்த பகுதியில், கருவுறாத முட்டை, தொடக்கத்திலேயே கரு இறந்த முட்டை ஆகிய இரண்டையும் உடைத்து எடுத்த தெளிவான படங்களை அருகருகே வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சேவலைப் பற்றிய பரிந்துரையையும் அதே பகுதியில் திருத்தி வெளியிட்டால், புதிதாக இன்குபேட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்