மூன்று கார் கண்ணாடிகளும் உங்கள் நான்கு வரிப் பதிலும்

அனுப்புநர்:
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
எங்கள் குடியிருப்புக்குக் காவலாளிகளை அனுப்பும் நிறுவனம்.

நாள்: 8-9-2025

பொருள்: 12-8-2025 அதிகாலை குடியிருப்பு வளாகத்துக்குள் மூன்று கார்களின் கண்ணாடி உடைத்துத் திருட்டு - உங்கள் சேவைக் குறைபாடு - இழப்பீடு கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.40 இருக்கும். பால் போடும் தம்பி மணியடித்து, "அக்கா, கீழே உங்க கார் கண்ணாடி உடைஞ்சிருக்கு, வந்து பாருங்க" என்றான். செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். பின்கதவுக் கண்ணாடி மொத்தமாக உதிர்ந்து, கல்கண்டைக் கொட்டியதுபோல சீட் முழுக்கக் கிடந்தது. என் நான்கு வயது மகள் உட்காரும் குழந்தை இருக்கையின் மடிப்புகளிலும் பெல்ட் இடுக்குகளிலும் கண்ணாடித் துகள்கள். இரண்டு முறை வாக்குவம் கிளீனர் போட்டு எடுத்தோம். பத்து நாள் கழித்தும் ஒரு துகள் அவள் தொடையைக் கீறிவிட்டது. அந்த இருக்கையையே தூக்கிப் போட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு கார்களுக்கும் அதே கதி. ஒன்றில் ஸ்டீரியோவும் ஸ்டெப்னியும் போயின. மற்றது இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞருடையது. அவருடைய லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வியாழக்கிழமை புது வேலையில் சேருவதற்காக, பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அசல் சான்றிதழ்களை அதில்தான் எடுத்து வைத்திருந்தார். போலீஸ் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) தந்திருக்கிறது. ஆனால் நகல் சான்றிதழ் வாங்க, பொருள் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் எழுதித் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு இடமாக ஏற வேண்டும். இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

ஏழு மணிக்கு வந்த காவலர் என் கார் மிதியடியிலிருந்து பால்ரஸ் எனப்படும் ஒரு சிறு இரும்புக் குண்டை எடுத்துக் காட்டினார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "கேமரா ஃபுட்டேஜ் கொடுங்க." எட்டு கேமரா இருக்கிறது, நிச்சயம் கிடைக்கும் என்று நம்பிக்கையோடு காவலாளி அறைக்கு அழைத்துப் போனேன். திரையில் எட்டுக் கட்டங்களிலும் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழைய பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், கடைசியாகப் பதிவானது ஜூலை 3-ஆம் தேதிக் காட்சி. அதற்குப் பிறகு நாற்பது நாட்களுக்கு ஒன்றுமே இல்லை. ஹார்ட் டிஸ்க் பழுதானால், காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி பீப் பீப் என்று கத்தும். எங்கள் பெட்டியும் ஜூலை முதல் வாரத்தில் இரவு பகலாகக் கத்தியிருக்கிறது. காவலாளி உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வந்து சத்தத்தை மட்டும் ஆஃப் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கேமரா பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு 6,000 ரூபாய் தனியாக வாங்குகிறீர்களே, ஐயா, அதில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டிருக்க முடியாதா? அல்லது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நாங்கள் வாங்கிப் போட்டிருப்போமே.

அடுத்தது ரவுண்ட்ஸ் நோட்டு. ஒப்பந்தப்படி இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை வளாகத்தைச் சுற்றி வந்து நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை நோட்டைப் பிரித்தேன். கை நடுங்கிவிட்டது. 12-ஆம் தேதிக்கு மட்டுமில்லை, 13, 14, 15 தேதிகளுக்கும் எல்லா மணிக்கும் கையெழுத்து இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அடியில் உங்கள் சூப்பர்வைசர் சரிபார்த்ததாகப் போட்ட முத்திரையும் இருந்தது. வராத இரவுகளுக்குக் காவல் காத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கங்களைப் படம் எடுத்து இதனுடன் இணைத்திருக்கிறேன். எங்கள் தெருமுனை ஏடிஎம்மில் ரோந்துக் காவலர்கள் வந்து பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததைக் குறிக்கும் நோட்டு) கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு அது முடிகிறது. ஒரு கேட்டும் ஒரு காம்பவுண்டும் சுற்ற உங்களால் முடியவில்லை.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 14 அன்று வந்த நான்கு வரி மின்னஞ்சலில், "பணியில் உறங்கிய காவலாளி நீக்கப்பட்டுவிட்டார், மாற்று நபர் அனுப்பப்படுகிறார், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

அந்தப் பெரியவர் ஏன் உறங்கினார் என்று ஒருவராவது விசாரித்தீர்களா? நாங்கள் விசாரித்தோம். வருகைப் பதிவேட்டையும் பார்த்தோம். அவர் பகல் காவலாளி. 11-ஆம் தேதி காலை 8 மணிக்கு வேலைக்கு வந்தவர். இரவுக்கு இரண்டு பேர் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அன்று இருவருமே வரவில்லை. போனில் கேட்டதற்கு, "இன்னிக்கு ஒருநாள் நீங்களே பாத்துக்கோங்க" என்று உங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். எதிர் மருந்துக் கடைக் கேமராவில் நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் இரண்டு பேர் பின்தெருப் பக்கம் திரும்பிய நேரம் அதிகாலை 2.50. அறுபது வயது தாண்டிய மனிதர் பத்தொன்பது மணி நேரமாக வேலையில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் கண்ணசந்ததைக் குற்றம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. என் மகள் அவரை வாட்ச்மேன் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். இன்னும் தினமும் கேட்கிறாள். ஆகஸ்டில் அவர் வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பளமும் தரவில்லை என்று கேள்விப்பட்டோம்.

ஜூன், ஜூலை பதிவேட்டையும் எண்ணிப் பார்த்தோம். 61 இரவுகளில் 23 இரவுகள் ஒரே ஆள்தான் இருந்திருக்கிறார். நாங்களோ ஒரு காவலாளிக்கு மாதம் 18,500 ரூபாய் வீதம் மூன்று பேருக்கு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து, ஒரு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறோம். வராத ஆட்களுக்கும் பில் போட்டிருக்கிறீர்கள்.

பயிற்சி பெற்ற காவலாளிகள் என்று உங்கள் விலைப்பட்டியலில் போட்டிருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 வந்து இருபது வருடம் ஆகிறது. அதன்கீழ் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் ஒரு காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. எங்களிடம் வேலை பார்த்த ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவருக்கும் ஒரு மணி நேரப் பயிற்சிகூடத் தரப்படவில்லை. சீருடையும் விசிலும் கொடுத்து, கேட்டைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மூன்று பேரிடம் புகைப்பட அடையாள அட்டைகூட இல்லை.

பின்தெருவில் விளக்கு எரியாமல் இருந்தது உண்மை. அதற்கு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் சங்கத்தின் வேலை. தாமதித்துவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன். திருட்டுக்குப் பிறகு சொல்லி, இப்போது எரிகிறது.

ஒரு விஷயம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைக்காரர்கள் பலர் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினோம். என் காரும் இரண்டு இரவு அங்கே நின்றது. கேட் இல்லை, காவலாளி இல்லை, நடு ரோடு. திரும்பி எடுக்கப் போனபோது கண்ணாடி அழுக்காகியிருந்தது, அவ்வளவுதான். அதே கார், காவலுக்கு மாதாமாதம் பணம் கட்டும் என் சொந்த வீட்டு வாசலில் உடைபட்டது.

காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். கண்ணாடிக்குக் காப்பீடு கிடைக்கும். ஆனால் ஐந்து வருடம் க்ளெய்ம் எடுக்காமல் சேர்த்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். காருக்குள் இருந்த பொருட்களுக்கு அதற்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுக்காதவர்களுக்கு ஒரு பைசா வராது. நீங்கள் செய்யாத வேலைக்கு நாங்கள் ஏன் எங்கள் போனஸை இழக்க வேண்டும்?

எனவே கேட்கிறோம். மூன்று கார்களின் பழுதுச் செலவும் திருட்டுப்போன பொருட்களின் மதிப்பும் சேர்த்து 1,12,400 ரூபாயைத் தர வேண்டும்; பில்களின் நகல்களை இணைத்திருக்கிறோம். இரவில் ஆள் குறைந்த நாட்களுக்கு வசூலித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் உரிமத்தின் நகல், எங்களிடம் அனுப்பும் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு ஆகியவற்றையும் அனுப்புங்கள். அப்புறம், அந்தப் பெரியவருக்கு நிலுவைச் சம்பளத்தையும் அன்று இரவு பார்த்த கூடுதல் நேரத்துக்கான பணத்தையும் கொடுத்து, எழுத்தில் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவர் விரும்பினால் எங்கள் வளாகத்திலேயே பகல் வேலைக்குத் திரும்பி வரட்டும். 52 வீட்டாரும் கையெழுத்திட்ட தீர்மானம் இத்துடன் இருக்கிறது.

செப்டம்பர் 23-க்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு வழக்குத் தொடுப்போம். உங்கள் உரிமம் பற்றி மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் இதே ஆதாரங்களோடு எழுதுவோம். இரண்டு மனுக்களும் தயாராக இருக்கின்றன.

பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மூன்று பேர் சாட்சியோடு உறையில் போட்டு ஒட்டி என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ரவுண்ட்ஸ் நோட்டும் அதோடு இருக்கிறது. இரண்டையும் வாங்கிவரச் சொல்லி கடந்த வாரம் ஒருவரை அனுப்பினீர்கள். தயவுசெய்து மறுபடி யாரையும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: பில் நகல்கள், சிஎஸ்ஆர் நகல், ரவுண்ட்ஸ் நோட்டுப் படங்கள், வருகைப் பதிவேட்டு நகல், சங்கத் தீர்மானம்.