எலி சிறுத்துவிட்டதா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாம்புத் தீனியாக நாங்கள் உறையவைத்து விற்கும் பாக்கெட்டுகளில் எலி சிறுத்துவிட்டது, அதனால்தான் வீட்டில் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் வகைப் பாம்புகள் எந்நேரமும் பசியோடு அலைகின்றன என்ற பேச்சு பரவிக்கொண்டிருக்கிறது. சிலர் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

அளவு மாறவில்லை. பிங்க்கி (மயிர் முளைக்காத குஞ்சு) 3 கிராம் வரை, ஃபஸி (மெல்லிய மயிர் முளைத்த குஞ்சு) 6 வரை, ஹாப்பர் (துள்ளித் திரியும் பருவக் குட்டி) 7 முதல் 12, பெரிய எலி 20 கிராமுக்கு மேல். இதுதான் எங்கள் தரம்பிரிப்பு. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் மாற்றித் தருகிறோம்.

அடிக்கடி ஊட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதை வைத்து, "பாம்பைப் பட்டினியில் வைக்கச் சொல்கிறார்கள்" என்று பேசும் சொல்தான் எங்களுக்கு வலிக்கிறது. நிறைய விற்பதே நோக்கம் என்றால், அது நாக்கை நீட்டும்போதெல்லாம் ஓர் எலி போடுங்கள் என்றல்லவா சொல்லியிருப்போம்? அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் வாழப் பழகிய இனம் இது. வயிறு நிறைந்திருந்தாலும் கொடுத்தால் விழுங்கும். மூடி திறந்ததும் முன்னால் வந்து நிற்பது, எலி வாடைக்குத் தலை தூக்குவது, கண்ணாடியோரம் ஊர்ந்துகொண்டே இருப்பது எல்லாம் பசியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒளிய இடம் போதாவிட்டாலும், சூடு தவறினாலும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்பாக இருந்தாலும் அலையும். முதலில் வெப்பமானியை வையுங்கள்: சூடான பக்கம் 29–30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22–24. தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பை) நம்பவே வேண்டாம்.

பிறகு பாம்பின் எடை. குட்டிக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, 5 முதல் 7 நாளைக்கு ஒருமுறை. 30 கிராம் குட்டிக்கு 3 கிராம் எலிக்குஞ்சு போதும். அதே கணக்கை வளர்ந்த பாம்புக்குப் போடக் கூடாது. 500 கிராம் பாம்புக்கு 25 கிராம் எலி ஒன்று, 10 முதல் 14 நாளைக்கு ஒருமுறை. இரையின் பருமன் பாம்பு உடலின் மிகத் தடித்த இடத்தை ஒத்தோ சற்றே மிகுந்தோ இருக்கலாம். விழுங்கிய பின் புடைப்பே தெரியாவிட்டால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

முதுகெலும்பு முகடாகத் துருத்தினால்தான் உண்மையில் தீனி குறைவு. நேராகக் கிடக்கும்போதே செதில்களுக்கு இடையே தோல் தெரிந்து, வால் தொடங்கும் இடம் உப்பியிருந்தால் கொழுத்துவிட்டது. கல்லீரலில் சேரும் கொழுப்பு வெளியே தெரியாது, அதுதான் பயம்.

கையைக் கடித்தாலும் பசி என்று முடிவு கட்டாதீர்கள். எலி வாடை காரணமாக இருக்கலாம். கை கழுவிவிட்டுத் தொடுங்கள், இடுக்கியால் ஊட்டுங்கள்.

பாம்பு விழுங்கிய எலியைக் கக்குவதைப் பற்றியும் புகார் வந்தது. எலியை இரவு முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக விட்டு, பின் கவரோடு 40 டிகிரி வெந்நீரில் வையுங்கள். வயிற்றை அழுத்தினால் உள்ளே சில்லென்று இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து வெடிக்கும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். ஊட்டிய பின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்காதீர்கள். கக்கிவிட்டால் 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும். அடுத்த இரை பாதி அளவு. மறுபடியும் கக்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எலித் தீவனமும் மின்சாரமும் ஏறிவிட்டதால், அடுத்த மாதம் முதல் பெரிய எலி பத்து கொண்ட பாக்கெட்டாக மட்டும், சற்றுக் கூடிய விலையில் வரும். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் தாராளமாகத் தாங்கும்.

எடைக் குறிப்பேட்டோடு வந்து பொறுமையாகக் கேட்டுப் போகிறவர்களுக்கும், வதந்தி கிளம்பியபோது எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. இனி எலி கேட்கும்போது பாம்பின் எடையையும் கடைசியாக உண்ட தேதியையும் சொல்லுங்கள். அளவைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்