மைசன் வெறும் கடைத்தெரு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜெர்மனி பயணக் கட்டுரையில் டிரெஸ்டனுக்கு நான்கு பக்கம். பக்கத்தில் இருக்கும் மைசனுக்கு ஒரே வரி. ‘பீங்கான் கோப்பை வாங்கலாம், விலைதான் அநியாயம்’ என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊரில் ஒரு பகல் முழுவதும் செலவிட்டவள் நான். மனம் பொறுக்கவில்லை.

அங்குள்ள பீங்கான் அருங்காட்சியகத்தை ஒட்டிய பட்டறையில் வேலையைக் கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். ஒரு பெண்மணி தட்டில் வெங்காயச் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தார். (அது உண்மையில் சீனத்து மாதுளையும் பீச் பழமும், வெங்காயம் என்று யாரோ சொல்லப்போய்ப் பெயர் நிலைத்துவிட்டது.) ஒருமுறை மட்டும் சுட்ட, மெருகேறாத தட்டு மை ஒற்றும் தாளைப்போல ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தூரிகை சற்றுத் தயங்கினாலும் அங்கே திட்டு விழுந்துவிடும்; அழித்து எழுத வழியில்லை. அவர் மூச்சை அடக்கி ஒரு கொடியை இழுத்து முடித்ததும் நாங்களும் மூச்சு விட்டோம். கோபால்ட் சாயம் அப்போது அழுக்கு நிறத்தில்தான் இருந்தது. 1,400 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்த பிறகே சித்திரத்தின் நீலம் பிறக்கிறதாம். பாத்திரமும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. இதைப் பார்த்தவர் விலையை அநியாயம் என்று சொல்லமாட்டார்.

ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலை 1710இல் தொடங்கியது, எல்பே ஆற்றங்கரைக் குன்றின் மேல் நிற்கும் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையில். மைசன் அடங்கிய சாக்சனியை அப்போது ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் மேல் அப்படியொரு மோகம். 151 சீனப் பாத்திரங்களுக்காக 600 போர்வீரர்களைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தவர் அவர். பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பெட்கர் என்ற இளைஞரைப் பிடித்து அடைத்துவைத்ததும் அவரே. பொன் வரவில்லை. அறிஞர் சிர்ன்ஹவுஸோடு சேர்ந்து உழைத்ததில் வெள்ளைப் பீங்கான் வந்தது. சிர்ன்ஹவுஸ் ஆலையைப் பார்க்காமலே 1708இல் இறந்துபோனார். பெட்கருக்கு விடுதலை கிடைத்தது 1714இல். ஐந்தே ஆண்டில், 37 வயதில், அவரும் கண்மூடினார். இந்த இருவரின் பெயரும் கட்டுரையில் இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஊர் மாதா கோயில் கோபுரத்தில் 1929 முதல் பீங்கான் மணிகள் ஒலிக்கின்றன. மொத்தம் 37. கீழே சதுக்கத்தில் நின்று கேட்டோம். மைசனுக்கென்று தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்