பண்டிகைப் பாட்டைப் பிள்ளைகளே பாடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி நெருங்குகின்றது. திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, பாலையூற்று, தம்பலகாமம் முதலிய இடங்களிலும் உள்ள முன்பள்ளிகளும் பாடசாலைகளும் நத்தார் (கிறிஸ்மஸ்) ஒளிவிழாவுக்கும் ஆண்டிறுதிக் கலைவிழாவுக்கும் ஆயத்தமாகிவரும் இவ்வேளையில், அவ்விழாக்களில் சிறுவர்கள் பாடுகின்ற, சரியாகச் சொல்வதானால் பாடுவதுபோல் வாயசைக்கின்ற, பண்டிகைப் பாடல்கள் குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகின்றேன்.

சங்கீத ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால் விழா அழைப்பிதழ்கள் இன்னும் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. அண்மைக் காலத்தில் நான் பார்த்த நிகழ்ச்சிகள் பலவற்றில் மேடையேறியவர்கள் பிள்ளைகள், பாடியது ஒலிபெருக்கி. யூரியூப்பிலிருந்து இறக்கிய ஒலிப்பதிவில் வளர்ந்த பாடகர் ஒருவர் தமக்கு வசதியான சுருதியில் பாட, ஐந்து வயதுப் பிள்ளைகள் வாடகை ஆடையில் வியர்த்தபடி கைகால் அசைக்கின்றனர். ஒலிப்பதிவு நடுவில் நின்றுவிட்டால் பிள்ளைகளும் நின்றுவிடுகின்றனர். அடுத்த வரி அவர்களுக்குத் தெரியாது. பாட்டு அவர்கள் வாய்க்குள் போகவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிறநாட்டுப் பாடல் வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. வாடைக்காற்றும் மழையும் கூரையில் அறையும் மார்கழியில், பனியையே கண்டறியாத நம் பிள்ளைகள் பனியில் வழுக்கியோடும் வண்டியைப் பற்றிப் பாடுவது வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கை பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கின்றது, பிடிக்கட்டும். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857ஆம் ஆண்டு ஜேம்ஸ் பியர்பொன்ட் என்ற அமெரிக்கர் வேறு தலைப்பில் வெளியிட்ட பாட்டு. அதன் வரிகளில் நத்தார் பற்றிய பேச்சே இல்லை. அப்படியிருந்தும் அது உலகமெங்கும் நத்தார்ப் பாட்டாகிவிட்டதற்கு அதன் பல்லவியே முக்கிய காரணம் என்பது என் எண்ணம். அந்தப் பல்லவியைச் சுரப்படுத்திப் பாருங்கள்: க க க, க க க, க ப ஸ ரி க. பல்லவி முழுவதுமே ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில், ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றது. தரம் ஒன்றில் படிக்கும் பிள்ளையின் குரல் சிரமமின்றி உலவக்கூடிய இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே பாட்டை மேளதாளங்களுடன் பிள்ளைக் குரலுக்கு எட்டாத சுருதியில் பதிவு செய்து ஒலிக்கவிட்டால், பிள்ளைக்காக அமைந்த மெட்டிலிருந்தே பிள்ளையை நாம் வெளியேற்றிவிடுகின்றோம்.

நம் தேவாலயங்களில் ‘ஒப்பில்லாத் திரு இரா’ என்று தமிழில் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ கீதத்தின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. ஒஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ப் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில், 1818ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், ஜோசப் மோர் என்ற இளங்குருவானவர் எழுதிய கவிதையை அயலூர்ப் பள்ளி ஆசிரியரான பிரான்ஸ் சேவர் குருபர் மெட்டமைக்க, இருவருமாக ஒரே ஒரு கித்தாரின் துணையோடு முதன்முதலில் பாடினார்கள். ஓர் ஊர்ப் பள்ளி வாத்தியாரின் மெட்டு, ஒரு கித்தார், இரண்டு குரல்கள். நமது முன்பள்ளிகளோ இரண்டாள் உயர ஒலிபெருக்கி இல்லாமல் விழாவே நடவாது என்று நம்புகின்றன.

தமிழில் விடுமுறையையே பாடுபொருளாகக் கொண்ட சிறுவர் பாட்டு எதுவென்று கேட்டால் நம் நாட்டில் எவரும் முதலில் சொல்வது நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத்தான். தங்கத் தாத்தா என்று அழைக்கப்படும், 1953இல் மறைந்த அப்புலவரின் இந்தப் பாட்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தது என்றாலும், பாடநூல்களின் வழியாகக் கிழக்கிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்தது. இதன் அழகை ஆராய்ந்தால் சிறுவர் பாட்டு எழுதவேண்டிய முறை முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற ஆனந்தத்தோடு பாட்டு தொடங்குகின்றது. பிள்ளையின் மனத்தில் பண்டிகை தொடங்கும் இடமும் அதுதான். அதன்பின் கடவுளையோ ஒழுக்கத்தையோ இழுத்துவராமல் புலவர் நேரே அடுப்படிக்குப் போய்விடுகின்றார். பயறு வறுப்பது, அரிசி இடிப்பது, தேங்காய் துருவுவது, கொழுக்கட்டைக்குள் வெல்லக் கலவை வைப்பது, பனங்கட்டி போட்டுக் கூழ் துழாவுவது, பலாவிலை பொறுக்கி மடித்துக் கூழ் குடிப்பது என்று ஒரு சமையற் குறிப்பே வரிசை தவறாமல் வருகின்றது. வேலையின் ஒழுங்கே நினைவுக்குப் பிடிகொம்பாக இருப்பதால் பிள்ளைக்கு அடுத்த வரி மறப்பதில்லை. ஒவ்வோர் அடியும் ஒரு மூச்சில் முடிகின்றது. இன்று ஆடிப்பிறப்புக்கு விடுமுறை இல்லை. பனங்கட்டிக் கூழ் காய்ச்சும் வீடுகளும் நகரில் குறைந்துவிட்டன. பாட்டு மட்டும் எஞ்சியிருக்கின்றது. அதையும் அண்மையில் ஒரு விழாவில் ‘ரீமிக்ஸ்’ செய்த ஒலிப்பதிவாகவே கேட்க நேர்ந்தது. கூழ் காய்ச்சும் வரிகள் அதில் வெட்டப்பட்டிருந்தன.

நம் பிள்ளைகளுக்குப் பாட வராது, கூச்சப்படுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நவராத்திரி காலத்தில் இதே பிள்ளைகள் சரசுவதி படத்தின் முன்னால் அமர்ந்து, குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலைப் பாடல்கள் பத்தையும் நூலைப் பாராமல் பாடுகின்றார்கள். கட்டளைக் கலித்துறையில் அமைந்த, பெரியவர்களுக்கே பதம் பிரித்துப் பொருள் சொல்லவேண்டிய செய்யுள்கள் அவை. நானறிய எந்தப் பாடசாலையும் அதற்கு ஒலிப்பதிவு போடுவதில்லை. திருவெம்பாவைக் காலத்து வைகறையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவழியே போகும் பெரியவர்களின் பின்னால் போய்ப் போயே இருபது பாடல்களையும் கற்றுக்கொண்டவர்கள் என் வயதில் பலர் உள்ளனர். எமக்கு எவரும் ஒத்திகை நடத்தவில்லை. வெசாக் காலத்தில் நம் நகரிலேயே வெண்ணிற உடையணிந்த சிங்களப் பிள்ளைகள் வரிசையாக நின்று பக்தி கீதங்களைத் தம் சொந்தக் குரலில் பாடுவதை எவரும் கேட்கலாம். ஆகவே குறை பிள்ளைகளிடம் இல்லை.

ஆடிக்கொண்டு பாடினால் மூச்சு வாங்கும் என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. ஆனால் இதற்கான விடையை நம் முன்னோர் கும்மியிலும் கோலாட்டத்திலும் கண்டிருக்கின்றனர். தலைமைக் குரல் ஓரடியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் மூச்செடுத்துக்கொள்வார். கிழக்கு முஸ்லிம் மக்களின் களிகம்பிலும் பாட்டும் கம்படியும் ஒன்றாகவே நடக்கின்றன. அதுவும் கடினம் என்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி பாடவும் மறுபாதி ஆடவும் விடலாம். கும்பம் ஏந்தி ஆடிவரும் நவராத்திரி இரவுகளைக் கொண்ட இந்நகரில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பொருத்தம் காட்டப் பிறநாட்டுக் காணொளி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூலைத் தந்த விபுலானந்த அடிகள் கல்விப்பணி செய்த ஊர் இது. இவ்வூர்ப் பாடசாலை மேடையில் பிள்ளையின் குரலுக்கு இடமில்லாதிருப்பதைக் கல்வி அதிகாரிகள் கவனிக்கவேண்டும். தரம் ஐந்துக்கு உட்பட்டோரின் நிகழ்ச்சிகளில் குரல் பதிவான ஒலிப்பதிவுகளைத் தவிர்க்குமாறு வலயக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதுமானது. சுருதிப் பெட்டியும் ஒரு மிருதங்கமோ றபானோ இருந்தால் நிகழ்ச்சி நடந்துவிடும்; ஒலியமைப்புக்கும் ஆடைக்குமாகப் பெற்றோரிடம் அறவிடும் பணமும் குறையும். பிள்ளைகள் சுருதி விலகிப் பாடுவார்கள்தான். முன்வரிசையில் அமரும் பிரதம விருந்தினர் அதைப் பொறுத்துக்கொள்ளட்டும். பெற்றோரும் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டுக் காதால் கேட்பதற்கு அப்போது ஒரு காரணம் கிடைக்கும்.

மூதூர், கிண்ணியா, சம்பூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களில் சித்திரை ஊஞ்சலுக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் பாடப்பட்ட பிள்ளைப் பாட்டுகள் மூத்த பெண்களின் நினைவில் இன்னும் உள்ளன. அவற்றைக் கேட்டெழுதும் பணியை உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒப்படையாகக் கொடுக்கலாம். மெட்டை எழுத்தில் பிடிப்பது அவர்களுக்குக் கடினம் என்பதால் கைப்பேசியில் பதிவு செய்துவரச் சொல்லி, சுரப்படுத்தும் வேலையைச் சங்கீத ஆசிரியர்களிடம் விடலாம். என்னைப் போல் ஓய்வில் இருப்பவர்கள் மகிழ்ச்சியோடு உதவுவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் தைப்பொங்கல் தொடங்கி, பண்டிகை ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரங்கள் முன்னதாகத் தங்கள் சிறுவர் பகுதியில் ஒரு பாட்டைச் சுரக்குறிப்புடன் வெளியிட்டால் ஆசிரியர்களுக்குப் பழக்குவதற்குக் காலம் கிடைக்கும். வகுப்பறைச் சுவரில் ஒட்டக்கூடியவாறு எழுத்துச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.