ஓட்டக் கழகத்தின் செயலாளர் ஆண்டறிக்கை – மட்டக்களப்பு

தலைவர் அவர்களுக்கும் சபையில் கூடியிருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கல்லடிக் கடற்கரை வாராந்த ஓட்டம் வழமைபோல நடைபெற்றது. பொங்கல் ஓட்டமும் சிரமதானமும் நடந்தேறின. மார்கழி ஓட்டம் வெள்ளத்தால் கைவிடப்பட்டது.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாதைகளைப் பதிவுசெய்த வேலையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. செயலாளர் ஓடுவதைவிடக் கைபேசியைத் தடவுவதே அதிகம் என்று சென்ற கூட்டத்தில் எழுந்த சிரிப்பு என் காதிலும் விழுந்தது. உன்னிச்சைக் குளக்கட்டையும் கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் செல்லும் வழியையும், மரநிழலில் ஜிபிஎஸ் கோடு விலகிவிடும் என்பதால் இருதடவை ஓடி, ஸ்ட்ராவா என்னும் ஓட்டச் செயலியில் பதிந்து, வரைபடச் செயலிகளில் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் என்னும் பாதைக் கோப்பாக அனைவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். செய்மதி அலைகளைப் பெறுவதற்கு டேட்டா தேவையில்லை, வரைபடத்துக்கே தேவை. ஆகவே ஓர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் இப்பிரதேச வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுமாறும், சிக்னல் இல்லாத இடத்தில் தொலைபேசிக் கோபுரத்தைத் தேடித்தேடியே பற்றரி தீர்ந்துவிடும் என்பதால் பிளைட் மோடில் ஓடுமாறும் மூன்று தடவை எழுதினேன்.

குடும்பிமலைப் பக்க ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தோர் பதினொருவர், வந்தோர் ஐவர், வரைபடம் வைத்திருந்தோர் என்னோடு சேர்த்து இருவர். மற்ற மூவரும் வாய்க்கால் பிரியுமிடத்தில் இடப்பக்கம் போய்விட்டனர். அவர்கள் பகிர்ந்திருந்த நேரலை இருப்பிடமும் சிக்னல் அற்ற இடத்தோடு நின்றுவிட, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரே, யானை இறங்கும் நேரத்துக்கு முன்னர் அவர்களைத் திருப்பி அனுப்பிவைத்தார். யானை எப்பக்கம் நிற்கிறது என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது. அதை ஊராரிடந்தான் கேட்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பெண் அங்கத்தவர்களின் வேண்டுகோளின்படி வீட்டு வாசலைக் காட்டும் தொடக்கப் புள்ளிகளை மறைக்கும் முறை விளக்கப்பட்டது. பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒன்றாகக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்பவரைபடம் பல நாடுகளின் இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்த செய்தி 2018 தை மாதத்தில் வெளிவந்ததை நினைவிற்கொண்டு, முகாம்களை அண்டிய பாதைகளை நாம் பதிவதில்லை. வாவிக்கரைச் சமதரையில் மலையேறியதாகத் தம் கைபேசி காட்டிய ஏற்றத்தைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கக் கோரிய அங்கத்தவருக்கு, காற்றழுத்தமானி இல்லாத கைபேசிகளில் உயரக் கணக்கு அவ்வாறு தவறுவதுண்டு என அறியத் தருகிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. விபரம் பொருளாளரிடம் உண்டு. இரண்டு பவர் பாங்க் கழகப் பணத்தில் வாங்கப்பட்டன. டேட்டாச் செலவு என்னுடையது. அங்கத்தவரில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தா செலுத்தவில்லை. அவர்களுள் சிலர் ஓட்டச் செயலிக்கு மாதந்தோறும் தவறாது கட்டணம் செலுத்துகின்றனர் என்பதும், ஓட்டத்துக்கு வராவிடினும் வந்தோரின் பதிவுகளுக்கு விருப்பக்குறி இடத் தவறுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தண்ணீர்ப் போத்தல் வழங்கிய கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அம்பாறைப் பக்கம் உகந்தை வரையிலான பாதையைப் பதிய எண்ணம் உண்டு. அதற்கு வரைபடம் இறக்கத் தெரிந்த மூவரேனும் வேண்டும். எனது கைபேசியின் பற்றரியும் முன்போல் நிற்பதில்லை. இப்பதவியை வேறொருவர் ஏற்க முன்வந்தால் கோப்புகள் அனைத்தையும் இன்றே ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடின், நிலுவைச் சந்தாவை இம்மாத இறுதிக்குள் பொருளாளரிடம் சேர்ப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்