ஸ்பானிஷ் இறந்தகாலப் பாடத்தில் பிழைகள்: திருத்தக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: தமிழ்வழி ஸ்பானிஷ் பாடம், இறந்தகாலப் பகுதி

ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலியின் இறந்தகாலப் பகுதி, பணம் கட்டிப் படிப்பவர்களுக்குத் தப்பான வடிவங்களைச் சரியென்று பழக்குகிறது.

முதலில் அழுத்தக்குறி. 'ஆப்லோ' என்பதை முதல் அசையில் அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. கடைசி ஓகாரத்தை அழுத்தி, அதன் மேல் குறியிட்டால் 'அவர் பேசினார்'. பேசுவது யார், எந்தக் காலம் என்ற இரண்டும் அந்தச் சின்னக் கோட்டில்தான் மாறுகின்றன. குறியே இல்லாமல் தட்டினாலும் செயலி பச்சை காட்டுகிறது. அதே சமயம் குறி வேண்டாத 'ஃபுய்' (போனேன்), 'ஃபுவே' (போனார்), 'தியோ' (கொடுத்தார்), 'பியோ' (பார்த்தார்) ஆகியவற்றுக்கு விடைப்பட்டியலில் குறி போட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷ் எழுத்துமுறையை வகுக்கும் ஸ்பானிஷ் அகாதெமியின், 1959 முதல் கட்டாயமான விதிகளில் இவற்றுக்குக் குறி கிடையாது. 'தூபோ' (வைத்திருந்தார்), 'ஈஸோ' (செய்தார்) போன்ற ஒழுங்கற்ற வடிவங்களுக்கும் கிடையாது. அங்கே அழுத்தம் விகுதிக்கு வராமல் வேரிலேயே நிற்கிறது.

'சொன்னார்கள்' என்பதற்கு அட்டவணை தருவது 'திஹியேரோன்'. சரியானது 'திஹேரோன்'. இப்படி ஒழுங்கற்ற இறந்தகால வேர் ஹோட்டா (j) எழுத்தில் முடிந்தால் விகுதியின் இகரம் விழுந்துவிடும். 'கொண்டுவந்தார்கள்' என்னும் 'த்ராஹேரோன்' அப்படித்தான். 'சாப்பிட்டார்கள்' என்னும் 'கோமியேரோன்' அச்சில் எல்லா வினையையும் வார்த்ததால் வந்த பிழை இது.

இவற்றைவிடப் பெரிய கோளாறு, 'ஃபுய்', 'ஈபா' இரண்டுக்கும் 'போனேன்' என்றே பொருள் தந்திருப்பது. 'நேற்று சந்தைக்குப் போனேன்' என்றால் 'ஃபுய்'. 'சின்ன வயதில் ஞாயிறுதோறும் சந்தைக்குப் போவேன்' என்றால் 'ஈபா'. வழியில் நடந்ததைச் சொல்ல வரும் 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதும் 'ஈபா'தான். தமிழிலேயே இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதைப் பாடம் ஏன் குழப்ப வேண்டும்?

'இன்று மீன் சாப்பிட்டேன்' என்பதற்கு 'கோமீ' என்று எழுதினால் சிவப்பு விழுகிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'எ கோமீதோ' என்பார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் 'கோமீ'தான் இயல்பு. நீங்கள் விற்பதோ லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் பாடம்!

விடைப்பட்டியலைத் திருத்துங்கள். குறி விடுபட்டால் தப்பு என்றே காட்டுங்கள். இப்பகுதியை ஏற்கெனவே முடித்தவர்களுக்கு எவை மாறின என்று செயலியிலேயே அறிவியுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தவறினால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்