மாமாவுக்குக் கணக்கு

சவுத்தால், லண்டன்
6 டிசம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ரவி எழுதுவது. நான் நலம். நீங்கள், அத்தை, மலர் எல்லோரும் சௌக்கியம்தானே? அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? குளிர் இங்கே நன்றாக இறங்கிவிட்டது. மத்தியானம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

வியாழக்கிழமை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மலர் கையில் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். கோபம் நியாயம்தான். கல்யாணம் முடிந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது, மலரை இன்னும் இங்கே அழைத்துக்கொள்ளவில்லை. தெருவில் நாலு பேர் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் எதைச் சொன்னாலும் சமாளிக்கிற மாதிரியே இருக்கும். நீங்கள் முப்பது வருஷம் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர், அதனால் கணக்காகவே எழுதிவிடுகிறேன். பேனாவை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. திருநள்ளாறு ரோட்டு நிலத்தை விற்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மனைவியை இங்கே அழைக்க வேண்டுமென்றால் புருஷனுக்கு வருஷ வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2012-இலிருந்து அது 18,600-ஆக இருந்தது. 2024 ஏப்ரல் 11-ஆம் தேதியிலிருந்து ஒரேயடியாக 29,000. நம் வீட்டுக் கல்யாணம் அந்த வருஷம் ஆவணியில். தை மாசமே வைத்துவிடலாம் என்று அத்தை சொன்னபோது, மாடியில் ரூம் கட்டி முடியட்டும் என்று சொன்னது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

குடோன் வேலையில் என் சம்பளம் மணிக்கு 12.60 பவுண்டு. வாரம் 40 மணி, வருஷம் 52 வாரம். பெருக்கினால் 26,208. இது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. நல்லவேளை, அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள், கையில் வருவதை அல்ல. அப்படியும் 2,792 குறைகிறது. இந்த நாட்டில் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே இப்போது மணிக்கு 12.21தான். அதை வாங்குகிறவன் வாரம் 46 மணி நேரம் வேலை பார்த்தால்தான் 29,000-ஐத் தொட முடியும். கூலி நிர்ணயிப்பதும் அதே அரசாங்கம், அந்தக் கூலியில் பெண்டாட்டியைக் கூட்டி வர முடியாது என்பதும் அதே அரசாங்கம்.

மலர் பள்ளிக்கூடத்தில் வாங்குகிற சம்பளத்தைச் சேர்க்க முடியாதா என்று கேட்டீர்கள். முடியாது. அங்கே அவள் சம்பாதிப்பது இவர்கள் கண்ணில் படாது. இங்கே வந்து வேலைக்குப் போனால், அடுத்த முறை விசாவைப் புதுப்பிக்கும்போது இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டலாம். அதற்கு முதலில் அவள் இங்கே வர வேண்டுமே!

சரி, சேமிப்பைக் காட்டலாமா? காட்டலாம், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் 16,000 பவுண்டு கணக்கிலேயே சேராது. அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுத்து, வருகிற தொகையைச் சம்பளத்தோடு கூட்ட வேண்டும். என் குறை 2,792. அதை இரண்டரையால் பெருக்கினால் 6,980. அதோடு 16,000 சேர்த்தால் 22,980 பவுண்டு. நம் ஊர்க் காசில் சுமார் 27 லட்சம். சம்பளமே இல்லாதவன் முழுக்கச் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும், ஒரு கோடிக்கு மேலே. இத்தனை வருஷத்தில் நான் சேர்த்து வைத்திருப்பது 9,000. அவர்கள் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

உங்கள் நிலம் 28 லட்சத்துக்குப் போகும் என்று மலர் சொன்னாள். கணக்குப்படி போதும்தான். ஆனால் அந்தப் பணம் என் பெயரிலோ மலர் பெயரிலோ முழுசாக ஆறு மாதம் பேங்கில் கிடக்க வேண்டும். காரைக்கால் பேங்கிலேயே கிடக்கலாம், தப்பில்லை. யார் கொடுத்தது, திருப்பிக் கேட்க மாட்டார்களா என்பதற்கு எழுத்தும் வேண்டும். இன்றைக்கு விற்றால்கூட ஜூனில்தான் விண்ணப்பம் போட முடியும். நிலம் மலர் பெயரில் இருந்து அவளே விற்றிருந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அது உங்கள் பெயரில் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே கூட இருக்கிற பையன் ஒருவன், நாலு பேரிடம் கைமாத்து வாங்கி அக்கவுண்டில் போட்டுக் காட்டிவிடு, அப்புறம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றான். கடன் வாங்கிய பணம் சேமிப்பாகாது என்று விதியிலேயே இருக்கிறது. பொய் சொன்னதாக ஒருமுறை எழுதிவிட்டால், பத்து வருஷம் மலர் இந்தப் பக்கமே வர முடியாமல் போகலாம். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

சித்தப்பாவும் பாரீசுக்குப் பக்கத்துச் சார்செலிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்து, பாரீசுக்கே திரும்பி வந்துவிடு என்கிறார். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல், தாத்தா பிரெஞ்சு நேஷனாலிட்டி கேட்டு எழுதிக்கொடுத்த புண்ணியத்தில் என் பாஸ்போர்ட் பிரெஞ்சு. பிரான்சில் பிரெஞ்சுக்காரன் பெண்டாட்டிக்கு விசா கேட்டால், உன் வருமானம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. இங்கேயும் 2020 டிசம்பர் 31-க்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் இந்த 29,000 கிடையாது, விசாவுக்குக் கட்டணமும் கிடையாது. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகியபோது போட்ட கோடு அது. அன்றைக்கு மலர் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தால் உள்ளே ஓடிவிடுவாள்.

பிரான்சுக்குப் போவதை நானும் யோசிக்காமல் இல்லை. மூன்று வருஷம் அங்கே இருந்து பார்த்தவன் நான். ஓட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன், அதைத் தாண்ட என் பிரெஞ்சு போதவில்லை. மலருக்கும் இங்கிலீஷ் தெரியும், பிரெஞ்சு தெரியாது. இங்கே வந்தால் அவள் படிப்புக்கு ஒரு வேலை கிடைக்கும். அங்கே போனால் இரண்டு பேரும் அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் இரண்டாவது வேலை. இதில்தான் நான் ஏமாந்தேன், இதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. போன வருஷம் அக்டோபரிலிருந்து ஏழு மாதம், சனிக்கிழமைதோறும் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்கினேன். தமிழ் ஆள்தான், யார் என்று எழுத வேண்டாம். சாயங்காலம் அறுபது பவுண்டு கையில் வைப்பார், கூடவே ஒரு கட்டு முருங்கைக்கீரை. பே ஸ்லிப் கேட்டபோதெல்லாம், "தம்பி, நமக்குள்ள அதெல்லாம் எதுக்கு?" என்பார். ஏப்ரலில் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமையோடு வர வேண்டாம் என்றுவிட்டார். ஏழு மாத உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எழுதாத வரவு வரவே இல்லை என்று நீங்கள் மில்லில் சொல்வீர்களே, அதை அன்றைக்கு ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மே மாதக் கடைசியில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. ஞாயிறு காலை 5 மணி நேரம், மணிக்கு 12.21. ஒரு ஞாயிறுக்கு 61.05. ஆனால் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் பார்த்திருந்தால்தான் எனக்கு அந்தச் சம்பளம் கணக்கில் சேரும். ஆறு மாதத்தில் நான் காட்ட வேண்டியது 29,000-இல் பாதி, 14,500. குடோன் சம்பளம் 13,104. 26 ஞாயிறு சேர்ந்தால் 1,587. ஆக 14,691. எனக்கு மிச்சம் 191 பவுண்டு. சம்பளமில்லாமல் மூன்று ஞாயிறு போனால் எட்டு பவுண்டு மிஞ்சும், நாலாவது போனால் திரும்ப முதலிலிருந்து.

மாங்கனித் திருவிழாவுக்கு வா வா என்று கூப்பிட்டீர்களே, நான் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேனே, காரணம் இதுதான். பணம் இல்லாமல் இல்லை. டிக்கெட்டுக்கும் இருந்தது. செப்டம்பரில் காய்ச்சலில் படுத்து ஒரு ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறு காய்ச்சலோடேயே போய்விட்டேன்.

ஆறாவது பே ஸ்லிப் போன வாரம் வந்தது. மேஜையில் பரப்பி வைத்துக் கூட்டினேன். 14,630 பவுண்டு 25 பென்ஸ். மூன்று தடவை கூட்டினேன், மாறவில்லை.

கூட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பே ஸ்லிப்பிலும் கையில் வந்ததாகப் போட்டிருக்கும் தொகை, அதே மாதம் பேங்க் ஸ்டேட்மென்டில் வரவாகியிருக்க வேண்டும். நாள்வழியும் பேரேடும் ஒத்துப்போவது மாதிரி. துப்புரவுக் கம்பெனி முதல் இரண்டு ஸ்லிப்பில் என் பெயரைத் தாத்தா பெயராகவும் தாத்தா பெயரை என் பெயராகவும் அடித்திருந்தார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தாத்தா பெயர்தானே இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. தாத்தா இங்கே தரை கூட்டியதாக இன்னமும் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும்.

வீடும் காட்ட வேண்டும். மாளிகை தேவையில்லை, நாங்கள் இருவரும் மட்டும் இருக்க ஒரு அறை போதும், ஆனால் நெருக்கடி என்று சட்டம் சொல்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கு 110 சதுர அடி. தையல் நாடா ஒன்று வாங்கி நானும் கூட இருப்பவனும் கட்டிலை நகர்த்திவிட்டு அளந்தோம். 11 அடி நீளம், பத்தரை அடி அகலம். 115 சதுர அடி சொச்சம் வந்தது. ஐந்து சதுர அடி உபரி! வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கிவிட்டேன்.

விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு. ஆஸ்பத்திரி வசதிக்காக முன்கூட்டியே கட்ட வேண்டியது 3,105. இரண்டும் சேர்ந்து 5,043, கிட்டத்தட்ட ஆறு லட்சம். நான் சேர்த்த 9,000-இலிருந்து அதைக் கட்டிவிடுவேன். நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். இத்தனைக்கும் கிடைக்கிற விசா இரண்டே முக்கால் வருஷத்துக்குத்தான். அப்புறம் ஒருமுறை புதுப்பித்து, ஐந்து வருஷம் ஆன பிறகுதான் நிரந்தரம்.

போன ஜூனில் அரசாங்கத்தின் ஆலோசனைக் குழு இந்த 29,000-ஐக் குறைக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. குறையும்வரை இருந்து பார் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். முன்பு ஆண்டவர்கள் இதை 38,700 ஆக்கப்போவதாக அறிவித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

கடைசி ஸ்லிப்பின் தேதியிலிருந்து 28 நாளுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். 20-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். மலர் இங்கிலீஷ் பரீட்சை பாஸ் செய்துவிட்டாள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அவளுடையது பிப்ரவரி வரை இருக்கிறது. அவள் கைரேகை வைக்கச் சென்னைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கல்யாணம் தவிர உங்கள் இருவருக்கும் வேறு உறவு உண்டா? உண்டு, என் அம்மாவின் தம்பி மகள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் கேட்டாலும் கேட்பார்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பும்போது, நீங்கள் என் கையில் தாம்பூலம் கொடுக்கிற போட்டோவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் அம்மாவும் நீங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறீர்கள், மூக்கைப் பார்த்தாலே அக்கா தம்பி என்று தெரியும்.

மணி பத்து ஆகிறது. நாளை ஞாயிறு, நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். பதில் வரும்வரை இரண்டு வேலையையும் விட முடியாது. அத்தைக்கு என் நமஸ்காரம். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் மலரிடம் சொல்லி உடனே போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
ரவி